ஞாயிற்றுக்கிழமை வராத கோளாறு

அண்ணி யாரையும் வாய்விட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குரல் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லவாடு என்கிற கடலோர மீனவ ஊர்க்காரர். கரையில் நின்று திட்டினால் படகில் இருப்பவன் தலை குனிய வேண்டும், அப்படிப்பட்ட தொண்டை. அதை வைத்து நாயை விரட்டுவார், மீன்காரியிடம் வாதாடுவார், கடையில் வேலை செய்யும் எங்கள் மூன்று பேரையும் வகைவகையாகத் திட்டுவார். கூப்பிட மட்டும் மாட்டார். ஆள் தேவையென்றால் எதையாவது செய்வார். அது விழும், உடையும், அல்லது நிற்கும். நாம்தான் புரிந்துகொண்டு ஓட வேண்டும்.

நான் முதலில் ஓடியது கேஸ் சிலிண்டருக்கு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். கடை கீழே, வீடு மாடியில், நடுவில் பதினாறு படி. காலி சிலிண்டரை இறக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் "தம்பி, கொஞ்சம் வாப்பா" என்பார்கள். அண்ணி அதை மேல்படியில் படுக்கவைத்துக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். பதினாறு படியும் அது தனித்தனியாகப் பேசிக்கொண்டு இறங்கி, கீழ்க்கதவில் மோதி நின்றது. அப்போது நான் மேசைக்கு அடியில், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, குலதெய்வத்தின் பெயர் மறந்துபோய்க் கிடந்தேன்.

மேலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "அத்த மாத்தி வெக்கச் சொல்லு."

அவ்வளவுதான் உத்தரவு.

கடை வில்லியனூரில், மார்க்கெட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தது. கம்பெனிகள் கழித்துப் போடும் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, தூசி தட்டி, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்டு, டியூஷன் சென்டர், ஜெராக்ஸ் கடை, பள்ளிக்கூடம் என்று பாகூர் வரைக்கும் கொடுப்போம். இரும்பு ரேக்கில் ஒரே சமயத்தில் இருபத்து நாலு மெஷின் ஓடும். வேலை செய்தது லூர்து, கதிர், நான். வில்லியனூரில் லினக்ஸ் தெரிந்த மூன்று பேரில் நான் நான்காவது ஆள் என்று லூர்து வருகிறவர்களிடம் அறிமுகப்படுத்துவான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முதலாளியை அண்ணன் என்போம். அண்ணியின் புருஷன். மெத்தென்ற மனிதர். எங்களை ஒரு நாளும் 'டா' போட்டதில்லை. மெஷினை உடைத்துக் கொண்டுவந்து சண்டை போடுகிறவனைக்கூட "உக்காருங்க சார், தண்ணி குடிங்க" என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கடையில் சத்தம் எல்லாம் அண்ணியுடையது, சாந்தம் எல்லாம் அண்ணனுடையது என்று நாங்கள் பிரித்து வைத்திருந்தோம். இவ்வளவு பொறுமையான மனுஷனுக்கு இப்படி ஒரு பொம்பளையா என்று நான் இரண்டு மூன்று தடவை பரிதாபப்பட்டிருக்கிறேன். யாருக்கு என்று கேளுங்கள். அண்ணனுக்கு.

ஒரு நாள் ஒருவன் மத்தியானமே குடித்துவிட்டு வந்தான். மகளுக்கு வாங்கிப்போன மெஷினில் படம் ஓடவில்லையாம். விளக்கிச் சொன்ன லூர்துவின் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் ஓர் அறை வைத்தான். அண்ணன் கையைக் கூப்பிக்கொண்டு "சார், சார்" என்றார். நான் வீரமாக ஸ்குரூ டிரைவரைத் தேடினேன், ரேக்குக்குப் பின்னால் போய். அப்போது அண்ணி படியிறங்கி வந்தார். ரேக்கிலிருந்து ஒரு கீபோர்டை உருவினார். கேள்வி கேட்கவில்லை. வாயோடு சேர்த்து ஒன்று போட்டார். வெள்ளையாகச் சிதறி என் காலடியில் உருண்டதைப் பார்த்து அவன் பல் என்று பயந்து குனிந்தேன். கன்ட்ரோல் கீ. இரண்டாவது அடியில் ஸ்பேஸ் பார் பறந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தத்தோடு அவன் ஓடினான். தெருமுனை வரைக்கும் அண்ணியின் குரல் அவனைக் கொண்டுபோய் விட்டு வந்தது.

"கஸ்டமர அடிச்சா கடை எப்படிம்மா நடக்கும்?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள்.

அரை மணி நேரத்தில் நெட்டு போனது.

அந்தக் கோளாறைப் பற்றிச் சொல்ல வேண்டும். லினக்ஸில் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு மளிகை வாங்கப் போகிற ஆள் மாதிரி. சீட்டைக் கொடுத்தால், எந்தச் சரக்கு எந்தக் கடையில் என்று தெரிந்து, ஒன்றுக்குத் துணையாக வேண்டிய இன்னொன்றையும் சேர்த்து இணையத்திலிருந்து வாங்கிவந்து, மெஷினுக்குள் அடுக்கிவிடும். நல்ல ஆள். ஆனால் நடுவழியில் இணையம் அறுந்தால் பையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவான். இருபத்து நாலு திரையிலும் 'கொண்டுவர முடியவில்லை' என்று வரிசையாக வந்து விழும். பாதி சரக்கு உள்ளே, பாதி வெளியே. மறுபடி அனுப்பினால், முன்னால் போனவன் இன்னும் பூட்டைத் திறக்கவில்லை என்று முறைப்பான். எல்லாவற்றையும் துடைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மதியம் மொத்தமும் போய்விடும்.

தினமும் வந்தால் அது கோளாறு, பிடித்துவிடலாம். இது அப்படி இல்லை. ஒரு வாரத்தில் மூன்று தடவை வரும். பிறகு இருபது நாள் ஒன்றும் இருக்காது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, போன வாரம் எதை மாற்றினேனோ அதுதான் காரணம் என்று லூர்துக்கு வகுப்பு எடுக்கும்போது சரியாக இருபத்து நாலு திரையும் நிற்கும்.

என் ஆராய்ச்சிகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். மெஷின்களில் கடிகார பேட்டரி தீர்ந்து தேதி தப்பாகிறது என்று இருபத்து நாலு பேட்டரி மாற்றினேன். மெமரி கார்டுகளை ரப்பர் போட்டுத் தேய்த்தேன். பக்கத்துக் கொல்லையில் மும்முனை மின்சாரம் வந்து போர் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது என்று அந்த விவசாயியிடம் போய்ப் பேசி, மண்வெட்டியோடு துரத்தப்பட்டேன். கேபிள் இணைக்கும் ஸ்விட்சுப் பெட்டிக்குள் ஒரு பல்லி செத்துக் கிடந்தது. அதைக் கொலையாளியாக அறிவித்து, கதிரை விட்டுத் தேங்காய் உடைக்கச் சொன்னேன். நாலு நாள் கோளாறு இல்லை. ஐந்தாம் நாள் வந்தது.

கடைசியில் ஒரு நோட்டுப் போட்டேன். எந்த நாள், எத்தனை மணி, எந்த மெஷின் முதலில் நின்றது. மூன்று மாதம் எழுதியதில் ஒரே ஒரு உண்மைதான் தேறியது. ஞாயிற்றுக்கிழமை கோளாறு வருவதே இல்லை. சனிக்கிழமை மாலை மெஷின்களை ஓடவிட்டுப் பூட்டிக்கொண்டு போவோம். திங்கள் வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டுக் காத்திருக்கும். காலை பத்து மணிக்கு முன்னாலும் வந்ததில்லை, சாயங்காலம் நாங்கள் போன பிறகும் இல்லை.

"பாத்தியா லூர்து," என்றேன். "ஞாயித்துக்கெழம உலகமே லீவு. வெளிநாட்டு சர்வர்ல கூட்டம் கம்மி. அதான் ஓடுது."

"அப்டின்னா சர்வருக்கும் சர்ச்சு உண்டுன்றியா?" என்றான் லூர்து.

நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், சர்ச்சை விட்டுவிட்டு.

நெட்டு போனால் ஒரு முறை இருந்தது. ரவுட்டர் மாடியில், அவர்கள் வீட்டு ஹாலில். அங்கிருந்து ஜன்னல் வழியாக ஒரு கேபிள் கீழே வரும். எங்களில் ஒருவர் படியேறிப் போய்க் கதவைத் தட்டி, "அண்ணே, நெட்டு போச்சு!" என்று கத்த வேண்டும். திறக்கும்வரை தட்ட வேண்டும். அண்ணன் பாதிக் கதவைத் திறப்பார். நெற்றியில் வியர்வை இருக்கும். "பாத்துட்டேன்பா, லைன்ல ஏதோ. வந்துடும், போங்க" என்பார். வந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி ஒரு கூஜாவில் டீ கொண்டுவருவார். மற்ற நாளில் டீ கிடையாது. நெட்டு போன நாளில் மட்டும். சர்க்கரை தூக்கலாக. அந்த டீக்காகவே நான் படியேறி ஓடியிருக்கிறேன்.

ரவுட்டரைக் கீழே இறக்கிவிட்டால் நமக்குச் சுலபம் என்று ஒரு தடவை சொன்னேன். அண்ணன் வாய் திறப்பதற்குள் அண்ணி சொன்னார், "அது மேலயே இருக்கட்டும். கீழ தூசி."

டீ ஊற்றும்போது ஒரு நாள் அவர் கண்ணுக்குக் கீழே பச்சையாக வீங்கியிருந்தது.

"இன்னா அண்ணி கண்ணு?" என்று லூர்து கேட்டான்.

"கொழாயில இடிச்சிக்கினேன்."

"கொழாய்க்கு இன்னா ஆச்சு அண்ணி? உயிரோட கீதா?" என்று கேட்டது நான்.

எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார். சிரித்தபோது வலித்தது போல, ஒரு பக்கம் மட்டும் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் அடித்த ஜோக்குகளில் திருப்பி வாங்கிக்கொள்ள நினைப்பது இது ஒன்றைத்தான்.

தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். பக்கத்து வீட்டு டிவியில் என்ன ஓடுகிறது என்று தெரிவதுபோல் தெரியும். மாடியிலிருந்து சத்தம் வந்ததில்லை. அத்தனை பெரிய குரல் அங்கே மட்டும் வெளியே வராது. ஒரு குடிகாரனின் வாயைக் கிழித்த கை அங்கே மட்டும் எழாது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை, மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, கதிர் ஊரைப் பற்றி ஏதோ கேட்டதற்குச் சொன்னார். "ரெண்டு தபா போனேன். கூடப் பொறந்த அண்ணனுங்க சோறு போட்டு, பஸ் ஏத்தி வுட்டாங்க. அனுசரிச்சிப் போன்னாங்க." சொல்லிவிட்டு அரிவாள்மனையில் ஒரு பெரிய கொடுவா மீனின் தலையை ஒரே தள்ளில் துண்டாக்கினார். நாங்கள் மூன்று பேரும் தலையைத் தடவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினோம்.

என்னையும் ஒரு தடவை அறைந்திருக்கிறார். மக்கர் செய்த ஒரு பெட்டியை நான் பக்கவாட்டில் ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தேன். நாலு குத்து விட்டால் அடங்கும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. ஐந்தாவதற்குக் கையை ஓங்கியபோது என் கன்னத்தில் இடி விழுந்தது.

"அது திருப்பி அடிக்குமா?"

"அடிக்காது அண்ணி."

"அப்ப அத்த அடிக்காத."

காதில் அரை மணி நேரம் ரவுட்டர் இரைவது போல் இரைந்தது. அந்தப் பெட்டியை அப்புறம் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு ஒயர் கழன்றிருந்தது. மாட்டினேன், ஓடியது. திறந்து பார்ப்பது என்ற யோசனை எனக்கு எப்போதுமே அறை வாங்கிய பிறகுதான் வரும்.

பிறகு செலியமேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பத்தெட்டு மெஷின் ஆர்டர் வந்தது. பதினைந்து நாளில் கொடுக்க வேண்டும். இந்தக் கோளாறை வைத்துக்கொண்டு முடியாது. அண்ணன் என் தோளில் கை போட்டு, "உன்னாலதாம்பா முடியும்" என்றார். அந்த மெத்தென்ற குரலில் யாராவது புகழ்ந்தால் நான் மலையையே பெயர்ப்பேன், தப்பான மலையை.

இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். மளிகை வாங்கப் போகிறவன் ஒவ்வொரு தடவையும் வெளியே போவதால்தானே வம்பு? கிடங்கையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால்? பெரிய ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு பழைய மெஷினை ரேக்கின் அடித்தட்டில் வைத்து, வேண்டிய பேக்கேஜ்கள் முழுவதையும் அதில் இறக்கி, இருபத்து நாலு மெஷினும் இனி அதனிடமே வாங்கிக்கொள்ளும்படி செய்தேன். வெளியே நெட்டு இருந்தால் என்ன, செத்தால் என்ன, இங்கே நிற்காது. என் வாழ்க்கையில் நான் முழுதாகச் சரிசெய்த முதல் கோளாறு. புதன்கிழமை காலை பத்தரைக்கு ஓடவிட்டேன்.

மதியம் மூன்று மணிக்கு இருபத்து நாலு திரையும் அருவி மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. நான் செலவழித்து பஜ்ஜி வாங்கி வந்திருந்தேன். கதிர் போனில் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான். லூர்து என்னை மூன்றாவது ஆளாகப் பதவி உயர்த்தினான். நான் வாய் நிறைய பஜ்ஜியோடு திரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிள்ளை பெற்றவன் மாதிரி.

"இன்னிக்கு நெட்டு போவலையா தம்பி?"

பின்னால் அண்ணியின் குரல். நான் திரும்பவில்லை. திரையைக் காட்டிச் சொன்னேன், "போனா போவட்டும் அண்ணி. இனிமே நமக்குக் கவலையே இல்ல. சரி பண்ணிட்டேன்."

"எப்ப பண்ண?"

"காலையிலயே."

"காலையிலயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி."

அப்போதுதான் திரும்பினேன். வலது முன்கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டுக்கு மேலே, கை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. வகிட்டிலிருந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கி, புருவத்தில் தேங்கி, கன்னத்தில் சொட்டியது. கீழ் உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு திரையாக, மேல் தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும், ஒன்றாவது நின்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். எதுவும் நிற்கவில்லை.

பின்னாலேயே அண்ணன் ஒரு துண்டோடு வேகமாக இறங்கி வந்தார். "படியில வழுக்கிட்டாப்பா. ஒரு ஆட்டோ புடிங்க." அதே மெத்தென்ற குரல். துண்டால் அண்ணியின் நெற்றியை ஒற்றினார், பூவைத் தொடுவதுபோல். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். கதிர் பாட்டை நிறுத்தினான்.

மாடிக் கதவு திறந்து கிடந்தது. நான் போனேன். அந்த வீட்டு ஹாலுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. டிவி மேசைக்கு அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ரவுட்டரின் பிளக். சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுக் கிடந்தது. நின்றுகொண்டிருக்கும் ஆளுக்கு அது எட்டாது. மண்டி போட்டாலும் கஷ்டம். தரையில் விழுந்து கிடக்கிற ஆளுக்கு மட்டும் கை நீட்டினால் எட்டும். சுவரில் நாலு விரல் ரத்தமாக இழுபட்டிருந்தது.

நோட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாத் தேதியும் எனக்குப் புரிந்தது. நெட்டு போனால் நாங்கள் படியேறி வருவோம். திறக்கும்வரை கதவைத் தட்டுவோம். கதவைத் தட்டினால் அண்ணன் கை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சர்வரில் கூட்டம் குறைவதால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பிடுங்கினால் வருவதற்குக் கீழே ஆள் இல்லை.

அன்றைக்கும் அண்ணி பிடுங்கியிருக்கிறார். கீழே நாங்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம்.

நான் கீழே வந்து ரேக்கின் அடித்தட்டில் இருந்த கிடங்கு மெஷினை இழுத்து, ஹார்டு டிஸ்கைக் கழற்றி, சுத்தியலால் அடித்தேன். அது திருப்பி அடிக்காது என்று தெரியும். ஆனாலும் அடித்தேன். லூர்து என்னைத் தடுக்கவில்லை. மேலே பார்த்ததை நான் சொல்லி முடித்ததும் அவன் சுத்தியலை வாங்கி அவனும் அடித்தான். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து, இருபத்து நாலு மெஷினையும் பழையபடி வெளியே போய் வாங்கும்படி மாற்றினோம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அண்ணன் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம். 

"அண்ணி, அத்த எடுத்துட்டேன். இனிமே நெட்டு போனா கீழ எல்லாம் நிக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "மறுபடியும் கெட்டுப்போச்சா?"

"நல்லா கெட்டுப்போச்சு அண்ணி. யாராலயும் சரி பண்ண முடியாது."

"ம்" என்றார். "அந்த ஆளு கண்டுபுடிச்சிட்டான் தம்பி. நான் பிடுங்கினதப் பாத்தான். பாத்துட்டு, கதவப் பாத்துக்கினே நின்னான். யாரும் வரலன்னதும் சிரிச்சான். அப்புறம்தான் கைய ஒடச்சான்."

"இனிமே வருவோம் அண்ணி. தட்ட மாட்டோம். ஒடச்சிக்கினு வருவோம்."

அண்ணன் மாத்திரையோடு வந்துவிட்டார்.

பள்ளிக்கூட ஆர்டருக்கு ஏன் மறுபடியும் வெளியிலிருந்து இறக்குகிறாய் என்று அண்ணன் என்னைக் கேட்டார். டிஸ்க் புட்டுக்கிச்சு என்றேன். "எதுக்கும் லாயக்கில்ல நீ" என்றார், புன்னகையோடு. முதன்முறையாக அந்தப் புன்னகையைக் கிட்டத்தில் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெள்ளைச் சுவர் மாதிரி. "ஆமாண்ணே" என்றேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் நாங்கள் வேலை பார்த்தோமா, திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோமா என்று சொல்லத் தெரியவில்லை. சாப்பிடப் போனால்கூட ஒருவர் மாற்றி ஒருவர்தான் போவோம். ஒரு கடப்பாரையைக் கதிர் படிக்குக் கீழே கொண்டுவந்து வைத்தான்.

பன்னிரண்டாம் நாள், மூன்றே முக்கால் மணிக்கு, இருபத்து நாலு திரையும் நின்றன.

நான் அவ்வளவு வேகமாகப் படியேறியதில்லை. கதிர் கடப்பாரையோடு முன்னால், லூர்து பின்னால். கடப்பாரைக்கு வேலையில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

அண்ணன் தரையில் குப்புறக் கிடந்தார். கையில் பெல்ட் சுற்றியபடி இருந்தது. காதுக்கு மேலே மண்டை பிளந்து ரத்தம் டைல்ஸ் இடுக்குகளில் கோடு கோடாக ஓடியது. முனகினார். அண்ணி டிவி மேசைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டு நடுவில் வெடித்து, நொறுங்கி, துணி தொங்கியது. வெள்ளைத் தூளும் ரத்தமும் அவர் மடியெல்லாம். இடது கையில் ரவுட்டரின் பிளக்கைப் பிடித்திருந்தார்.

"செத்துட்டாரா அண்ணி?" என்று கதிர் கேட்டான்.

"மூச்சு வுடறான் பாரு. தூக்குங்க. ஒத்தக் கையில எனக்குத் தூக்க வரல."

தன்னைக் காப்பாற்ற அண்ணி எங்களைக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பாரம் தூக்க ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

நாங்கள் தூக்கினோம். லூர்து தலைப் பக்கம், கதிர் இடுப்பு, நான் கால். இரண்டாவது படியில் அண்ணனின் கைலி என் கையோடு வந்துவிட்டது. அதைக் கட்டுவதா காலைப் பிடிப்பதா என்று நான் தடுமாறியதில் நாலு படி அவர் கொஞ்சம் சுதந்திரமாகவே இறங்கினார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டாமென்றும் யாரும் சொல்லவில்லை. அண்ணி முன்னால் போய் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் நான் பொய் தயாரித்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். ரேக் சரிந்து தலையில் விழுந்தது. சிலிண்டர். பக்கத்துக் கொல்லைக்காரனின் மண்வெட்டி. மூன்றையும் மனதில் ஓட்டிப் பார்த்து, ரேக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு நர்ஸ் அண்ணியின் கையைப் பார்த்து நின்றார். பன்னிரண்டு நாளுக்கு முன் கட்டுப் போட்டவர் அவர்தான் போலிருக்கிறது. "போட்ட கட்டு எப்படிம்மா ஒடஞ்சிச்சு?" என்று பேனாவைத் திறந்தார்.

"அது வந்து சிஸ்டர், கடையில இரும்பு ரேக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"டேய், நீ சும்மா இரு," என்றார் அண்ணி. நர்ஸ் பக்கம் திரும்பினார். "நான் அடிச்சேன் சிஸ்டர். இந்தக் கையாலதான். உள்ள கீறானே, அவன. எழுதிக்கோங்க."

நர்ஸ் எழுதவில்லை. "போலீஸ் கேஸாயிடும்மா. யோசிச்சு சொல்லு."

"ஆவட்டும். மொதல்ல இந்தக் கைய ஒடச்சது யாருன்னு கேளுங்க. போன தபா படியில விழுந்தேன்னு எழுதினீங்களே, அத்த அடிச்சிட்டு எழுதுங்க. அதுக்கு முந்தினதும் கீது."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் திரும்பியது. படகு வரைக்கும் கேட்கிற குரல். உள்ளே டாக்டருக்கும் கேட்டிருக்கும், கட்டிலில் கிடந்தவருக்கும் கேட்டிருக்கும். நர்ஸ் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்து அண்ணி பக்கம் தள்ளிவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தார். அண்ணி உட்காரவில்லை. நொறுங்கிய கட்டை மேசை மேல் வைத்துக்கொண்டு, நின்றபடியே, கல்யாணமாகிப் பதினேழாவது நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.